இந்தச் சாதனம் சரியாக இயங்குகிறது

ஞாயிற்றுக்கிழமை மதியம் என் வீட்டின் சவுண்ட் கார்டு செத்துப்போனது. அன்றிலிருந்து வீட்டில் சத்தம் இல்லை.

எங்கள் குடியிருப்பில் வீட்டுக்கு ஒரு கணினி உண்டு. வீட்டின் சத்தமெல்லாம் அதன் வழியாகத்தான் வரும். குழாய், மின்விசிறி, மிக்சி, செருப்பு, இருமல், எல்லாமே. சவுண்ட் கார்டு என்பது உள்ளங்கை அளவில் ஒரு பச்சைப் பலகை. அதை எப்படி வேலை வாங்குவது என்று கணினிக்குச் சொல்லித்தரும் மென்பொருளுக்கு டிரைவர் என்று பெயர். இரண்டில் எது கெட்டாலும் வீடு ஊமையாகிவிடும். இது எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

குக்கர் விசில் கேட்கவில்லை. விசிலை எண்ணாமல் சமைக்க எனக்குத் தெரியாது. சோற்றுக்கு மூன்று, பருப்புக்கு ஐந்து. ஆவியைப் பார்த்து எண்ணலாம் என்று அடுப்பின் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். ஆவி எண்ணுவதற்குத் தோதாக வருவதில்லை. பருப்பு தீய்ந்தது. தீய்ந்த வாசனை மட்டும் ஒழுங்காக வந்தது.

குளியலறையில் என் பெயரைச் சொல்லிக் கத்திப் பார்த்தேன். அம்பலவாணன். கண்ணாடியில் வாய் மட்டும் திறந்து மூடியது. பார்க்க நன்றாக இல்லை. விட்டுவிட்டேன்.

இதெல்லாம் பெரிதில்லை. பெரிது என்பது மாலை ஆறு மணி.

என் மனைவி தில்லைநாயகி ஒன்பது வருடமாக விருத்தாசலத்தில் இருக்கிறாள். நான் பெரம்பூரில் இருக்கிறேன். சண்டை என்று சொல்லும்படி ஒன்றும் நடக்கவில்லை. தீபாவளிக்குத் தங்கை வீட்டுக்குப் போனவள் அங்கேயே இருந்துவிட்டாள். பொங்கலுக்கு வந்துவிடுவாள் என்று நான் நினைத்தேன். நான் வந்து கூப்பிடுவேன் என்று அவள் நினைத்திருக்கலாம். நினைப்பதில் இரண்டு பேருமே கெட்டிக்காரர்கள்.

தினமும் ஆறு மணிக்கு அவள் ஒரு மிஸ்டு கால் கொடுப்பாள். ஒரு மணி அடித்துக் கட் ஆகும். நன்றாக இருக்கிறேன் என்று அர்த்தம். உடனே நான் அவளுக்கு ஒரு மணி விட்டுக் கட் செய்வேன். நானும் நன்றாக இருக்கிறேன் என்று அர்த்தம். யாரும் எடுப்பதில்லை. எடுத்தால் பேச வேண்டும்.

ஊர் போய்ச் சேர்ந்ததும் ஒரு ரிங் விடு என்று எல்லா வீட்டிலும் சொல்வதுதான். நாங்கள் அதை நிறுத்தவில்லை, அவ்வளவுதான். ஒன்பது வருடமாக அவள் தினமும் ஊர் போய்ச் சேர்ந்துகொண்டிருக்கிறாள்.

எங்கள் தொலைபேசி பழைய கறுப்புப் பெட்டி. கூப்பிட்டது யார் என்று காட்டும் திரை அதில் இல்லை. விளக்கும் இல்லை. ஞாயிறும் திங்களும் ஆறு மணிக்கு அதன் எதிரே உட்கார்ந்து அதையே பார்த்தேன். அடித்திருக்கலாம். அடித்ததா என்று தெரியாமல் பதில் மணி விடுவது பொய். தில்லையிடம் நான் நிறைய மறைத்திருக்கிறேன். பொய் சொன்னதில்லை.

இரண்டு நாள் பதில் போகவில்லை. மூன்றாவது நாள் வரை அவள் பார்ப்பாள். அதற்குமேல் நச்சரிக்கிற குணம் அவளுக்குக் கிடையாது. அப்படியே விட்டுவிடுவாள். அதன் பிறகு உலகத்தில் எனக்கு அடிக்கும் மணி எதுவும் இருக்காது. செவ்வாய்க்கிழமை மாலை ஆறு மணிக்குள் நல்ல டிரைவர் உள்ள ஒரு கார்டை வாங்கிப் பொருத்தியாக வேண்டும் என்று முடிவு செய்தேன்.

கார்டு வாங்க மௌனச் சான்று வேண்டும். வீட்டில் சத்தம் இல்லை என்று அண்டை வீட்டுக்காரர் எழுதித் தர வேண்டும்.

எதிர் வீட்டில் கனகசபாபதி இருக்கிறார். ஓய்வு பெற்ற மின்வாரியப் பொறியாளர். எங்கள் இரண்டு வாசலுக்கும் நடுவே நாலடி இடைவெளி. அன்று காலை அதைக் கடக்க இருபது நிமிடம் ஆனது. பாதி வழியில் யாரோ ஒருவர் கொடி கட்டித் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். அவரிடம் நேராகப் போகலாமா என்று கேட்டேன். போகலாம், ஆனால் குடிக்கத் தண்ணீர் எடுத்துக்கொண்டு வந்திருக்க வேண்டும் என்றார்.

கனகசபாபதி கதவைத் திறந்தார். இடுப்புக்குக் கீழே அவர் அலமாரியாக இருந்தார். போன மாதம் முழங்கால் வரைதான் இருந்தது. அதைப் பற்றிக் கேட்பது மரியாதையாக இருக்காது.

"சார், ஒரு மௌனச் சான்று வேணும்."

"அதுக்கென்ன, எழுதிட்டா போச்சு. எத்தனை நாளா?"

"ரெண்டு நாளா."

அவர் மூன்றாவது இழுப்பறையைத் திறந்து தாளும் முத்திரையும் எடுத்தார். நின்றபடியே எழுதினார். வாங்கிப் படித்தேன். 'எதிர் வீட்டிலிருந்து பதினோரு ஆண்டுகளாக எந்தச் சத்தமும் வந்ததில்லை என்று உறுதி கூறுகிறேன்.'

"ரெண்டு நாள்தான் சார். அதுக்கு முன்னாடி எல்லாம் சத்தம் இருந்துச்சே."

"எனக்குக் கேக்கலயே."

"நான் ரேடியோ போடுவேன். இருமுவேன்."

"இருமுனீங்களா? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வந்து பாத்திருப்பேனே."

"என் சம்சாரம் இங்க இருந்தப்ப பேசுவாங்களே சார்."

"பேசினாங்களா?" என்றார் கனகசபாபதி. உண்மையாகவே ஆச்சரியப்பட்டார். "நல்லவேளை இப்பவாவது சொன்னீங்க."

முத்திரை குத்தி இழுப்பறையை மூடினார். மூடும்போது லேசாக முகம் சுளித்தார். வலிக்கும் போலிருக்கிறது.

வெளியே வந்ததும் எனக்கு அழுகை வந்தது. பதினோரு வருடம் என்பது கொஞ்சமில்லை. நடைவழியில் நின்று அழுதேன். வீட்டுக்கு வெளியே என்பதால் சத்தம் நன்றாகவே கேட்டது. இரண்டு நாளில் என் சத்தத்தை நான் இவ்வளவு பெரிதாகக் கேட்டது அப்போதுதான். துணி காயப்போடுகிறவர் கொஞ்சம் மெதுவாக அழச் சொன்னார்.

ரிச்சி தெருவில் சவுண்ட் கார்டுக்கென்று ஒரு கட்டடம் இருக்கிறது. உள்ளே நுழைந்து மாடிப்படியில் உட்கார்ந்து வயர் சுற்றிக்கொண்டிருந்த ஒருவரிடம் கேட்டேன்.

"அண்ணே, சவுண்ட் கார்டு கடை எந்த மாடி?"

"கேட்டுட்டீங்களா?" என்றார். வருத்தப்பட்டார். "ரெண்டாவது மாடில இருந்துச்சு. இப்ப மூணாவது."

மூன்றாவது மாடியில் ஒரு பெண்மணி டீ குடித்துக்கொண்டிருந்தார். அவரிடமும் கேட்டேன். நான்காவது என்றார். பழக்கம் விடவில்லை. ஐந்தாவது மாடியில்தான் புத்தி வந்தது. யாரிடமும் கேட்காமல் வாயை மூடிக்கொண்டு நடந்தேன். கடை நகராமல் நின்றது.

கல்லாவுக்குப் பின்னால் ரெஜினா என்று பெயர் எழுதிய அட்டையை மாட்டிக்கொண்டு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். நாற்பது வயது இருக்கும். கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் கார்டுகள் வரிசையாக நின்றன. எனக்கு முன்னால் குடையுடன் ஒரு பெரியவர் இருந்தார். வாங்கிய கார்டைத் திருப்பிக் கொடுக்க வந்திருந்தார்.

"வேலை செய்யலம்மா. வீட்ல ஒண்ணும் கேக்கல."

ரெஜினா அதைச் சோதனைப் பெட்டியில் செருகிக் காதில் வைத்துக் கேட்டாள்.

"கார்டு நல்லா இருக்கு. டிரைவரும் நல்லா இருக்கு. ஒண்ணும் கேக்கலன்னா ஒண்ணும் இல்லன்னு அர்த்தம் சார்."

"என் சம்சாரம் சாயங்காலம் பாடுவா. பழைய கார்டுல கேட்டுச்சு."

"அவங்க வீட்லதான் இருக்காங்களா?"

பெரியவர் யோசித்தார். "போட்டோல இருக்கா," என்றார்.

"பழைய கார்டு அப்படித்தான் சார். அதோட டிரைவரை எழுதினவங்க இரக்கப்பட்டவங்க. இது அப்படி இல்ல. மாத்தித் தரேன், உக்காருங்க."

பெரியவர் மூலையில் போய் உட்கார்ந்து குடையை மடியில் வைத்துக்கொண்டார். நான் சான்றை நீட்டினேன்.

"பதினோரு வருஷமா?" என்றாள் ரெஜினா.

"ரெண்டு நாள்தாம்மா. அவர் அப்படி எழுதிட்டார்."

"சான்றுல இருக்கறதுதான் சார் எங்களுக்கு. பழைய கார்டைக் குடுங்க."

கொடுத்தேன். சோதனைப் பெட்டியில் செருகினாள். நீண்ட நேரம் கேட்டாள். பிறகு என்னை ஒரு மாதிரி பார்த்தாள். மருத்துவர்கள் அப்படிப் பார்ப்பார்கள்.

"கார்டு செத்தது ஞாயித்துக்கிழமைதான். ஆனா டிரைவர் போன ஐப்பசியிலயே மாட்டிக்கிச்சு சார்."

"மாட்டிக்கிச்சுன்னா?"

"எட்டு மாசமா புதுசா எதையும் வாசிக்கல. ஐப்பசில ஒரு நாள் உங்க வீட்ல கேட்டதை எடுத்து வச்சுக்கிட்டு, அதையே தினமும் சுத்தி விட்டுருக்கு."

"நான் தினமும் விசில் எண்ணி சமைச்சேனே."

"ஐப்பசி விசில். பருப்பு வெந்துச்சா?"

"சில நாள் வேகல."

"பாத்தீங்களா."

"இருமினேனே."

"ஐப்பசில இருமினது."

"ரேடியோல செய்தி கேட்டேனே."

"அது ஒரே செய்தியா இருக்கேன்னு தோணலயா சார்?"

தோன்றியது. செய்தி என்றால் அப்படித்தானே இருக்கும் என்று விட்டுவிட்டேன். நான் வீட்டில் உட்கார்ந்தே வேலை செய்கிறவன். பதிப்பகங்களுக்குப் புத்தகத்தின் கடைசியில் வரும் சொல்லடைவு தயாரித்துக் கொடுக்கிறேன். அகரம் முதல் னகரம் வரை அடுக்குவது. எனக்கு ஒரு நாளைப் போலத்தான் மறு நாளும் இருக்கும். எது ஐப்பசி, எது ஆனி என்று காதால் பிரித்துச் சொல்ல முடியாது.

"பேசறவங்க யாராவது வீட்டுக்கு வந்திருந்தா அன்னிக்கே தெரிஞ்சிருக்கும்," என்றாள் ரெஜினா. குத்திக்காட்டவில்லை. தகவலாகத்தான் சொன்னாள்.

"ஆறு மணிக்கு ஒரு போன் மணி அடிக்கும்," என்றேன்.

அவள் ஒரு பொத்தானை அழுத்தினாள். பெட்டியிலிருந்து நீளமாக ஒரு காகிதம் வந்தது. அந்த ஒரு நாளின் சத்தங்கள் முழுக்க நேர வாரியாக அச்சாகியிருந்தன. காலை ஐந்து நாற்பது, கொட்டாவி. ஐந்து நாற்பத்திரண்டு, செருப்பு. விரலால் தடவிக்கொண்டே கீழே வந்தாள். மாலை ஆறு, தொலைபேசி மணி, ஒன்று.

"ஐப்பசி பதினாலு," என்றாள்.

ஐப்பசி பதினாலாம் தேதி தில்லை எனக்கு ஒரு மணி விட்டிருக்கிறாள். அந்த ஒரு மணிக்கு எட்டு மாதமாக, இருநூற்று நாற்பது முறை, நான் பதில் சொல்லியிருக்கிறேன்.

"அதுக்கப்புறம் அவங்க அடிச்சாங்களா?"

"அடிச்சிருக்கலாம். அடிக்காமலும் இருந்திருக்கலாம். இந்த டிரைவருக்கு அது தெரியாது சார்."

எனக்குப் பயம் வந்தது. அவள் எப்போதோ நிறுத்தியிருக்கலாம். உடம்பு சரியில்லாமல் போயிருக்கலாம். எனக்குச் சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றாமல் இருந்திருக்கலாம். நான் மட்டும் தினமும் ஆறு மணிக்கு ஒழுங்காக, சந்தோஷமாக, பதில் மணி விட்டுவிட்டுக் காபி போட்டுக் குடித்திருக்கிறேன்.

"நல்ல டிரைவரா ஒண்ணு குடுங்கம்மா," என்றேன். "நம்பற மாதிரி."

ரெஜினா மூன்று பெட்டிகளை எடுத்து மேசையில் வைத்தாள்.

"இது நல்ல கம்பெனி. வாரா வாரம் டிரைவர் புதுசு வரும். ஒவ்வொரு தடவையும் ஒரு சத்தத்தை மறந்துடும். சின்னதுலேர்ந்து ஆரம்பிக்கும். போன வருஷம் வாங்கினவருக்கு இப்ப மழை கேக்கறதில்ல. அவர் குறையா சொல்லல."

"அடுத்தது?"

"இதுதான் ரொம்பப் போறது. வீட்ல சத்தம் இல்லாம இருந்தா இதுவே நிரப்பிடும். பழசுலேர்ந்து எடுத்து, சேத்து, தெச்சுக் குடுக்கும். தனியா இருக்கீங்களா?"

"ஆமா."

"அப்ப இதையே வாங்கிக்கங்க. எங்க வீட்லயும் இதான்."

"உங்க வீட்ல யார் யாரு?"

"இது வந்ததுக்கப்புறம் யாரும் தேவைப்படல சார்."

மூன்றாவது பெட்டியில் தூசி படிந்திருந்தது. அதை அவளாக எடுத்துச் சொல்லவில்லை. நான்தான் கேட்டேன்.

"உள்ளதை மட்டும் வாசிக்கும். இல்லாததை வாசிக்காது. நிக்காது, மாட்டிக்காது, தொங்காது. மூலைல பெரியவர் உக்காந்திருக்காரே, அவர் திருப்பிக் குடுத்தது இந்த வகைதான். ரெண்டு நாளைக்கு மேல இதை யாரும் வச்சுக்கறதில்ல."

"எத்தனை வருஷத்துக்கு டிரைவர் குடுப்பாங்க?"

"நீங்க இருக்கற வரைக்கும். அதுக்கப்புறம் ஒரு நாள்."

இரண்டாவது கார்டைக் கேட்டுப் பார்க்கிறேன் என்றேன். கடையின் பின்பக்கம் அதற்கென்று ஒரு அறை இருந்தது. உள்ளே போனால் என் வீட்டுக் கூடம். நாற்காலிகூட இடம் மாறாமல் இருந்தது. உட்கார்ந்தேன். தொலைபேசி ஒரு மணி அடித்துக் கட் ஆனது. சமையலறையில் யாரோ டம்ளர் கழுவினார்கள். வளையல் சத்தம் கேட்டது. பிறகு ஒரு பெண் குரல், "காபி ஆறுது, எந்திரிச்சு வாங்க," என்றது.

எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியவில்லை. மறுபடி மறுபடி கூப்பிட்டது. ஒரு தடவைகூடக் கோபப்படவில்லை. நன்றாக இருந்தது. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. ரொம்ப நன்றாக இருந்தது. ஆனால் அது தில்லையின் குரல்தானா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஒன்பது வருடமாக நான் அவளுடைய மணியைத்தான் கேட்கிறேன். குரலைக் கேட்கவில்லை. எந்தக் குரலை வைத்தாலும் நான் தலையாட்டியிருப்பேன். அந்தக் கார்டுக்கும் அது தெரிந்திருந்தது.

வெளியே வந்தேன்.

"மூணாவதைக் குடுங்க."

ரெஜினா என்னைத் தடுக்கவில்லை. ஒரு படிவத்தை நகர்த்தினாள். இல்லாத சத்தங்களைக் கேட்டுப் பின்னர் கடைக்கு வரமாட்டேன் என்று உறுதிமொழி. கீழே, எதிர்பார்க்கும் சத்தங்கள் என்று ஒரு கட்டம். பத்து வரி இடம் விட்டிருந்தார்கள். ஒரு மணி என்று எழுதினேன். மீதி ஒன்பது வரியை அவள் குறுக்குக்கோடு போட்டு அடித்தாள்.

"கூட வந்தவங்க கையெழுத்து?"

"கூட யாரும் வரல."

"யாரும் வரலன்னு யாராவது கையெழுத்துப் போடணும் சார்."

குடைப் பெரியவர் எழுந்து வந்து போட்டார். அழகான கையெழுத்து. அவருக்கு இரண்டாவது வகையில் ஒன்றைக் கட்டிக் கொடுத்தாள். வாங்கிக்கொண்டு அவர் குழந்தையைப் போல ஓடினார்.

வீடு வந்து சேர்ந்தபோது ஐந்து பத்து. கார்டைப் பொருத்தினேன். டிரைவரை நிறுவ ஆரம்பித்தேன். திரையில் கேள்விகள் வந்தன.

உறுதியாக இருக்கிறீர்களா? ஆம் என்று அழுத்தினேன்.

வீட்டில் இருப்பவர்கள்? ஒன்று.

வேறு யாராவது? அந்த இடத்தை வெறுமையாக விட்டேன். வெறுமையாக விடக் கூடாது என்றது. இல்லை என்று எழுதினேன். ஏற்றுக்கொண்டது.

பச்சைக் கோடு மெதுவாக நகர்ந்தது. நாற்பது சதவீதத்தில் நின்று, சமையலறை வரை போய்விட்டு வரும்படி சொன்னது. போய்விட்டு வந்தேன். எழுபதில், இடது காலைக் கொஞ்சம் தூக்கி வைக்கச் சொன்னது. தொண்ணூறில் ஒன்றும் சொல்லவில்லை. ஐந்து ஐம்பத்திரண்டுக்கு முடிந்தது.

'இந்தச் சாதனம் சரியாக இயங்குகிறது.'

சத்தம் வந்தது. முதலில் மின்விசிறி. அது கிறீச்சிட்டது. ஐப்பசியில் அது கிறீச்சிடவில்லை. பிறகு குழாய் சொட்டுவது. பிறகு என் மூச்சு. உள்ளே சின்னதாக ஒரு விசில் அதோடு சேர்ந்து வந்தது. எழுந்து நடந்தேன். இடது கால் தரையில் இழுபட்டது. எட்டு மாதத்தில் நான் கொஞ்சம் கிழவனாகியிருந்தேன். என்னிடம் யாரும் சொல்லவில்லை.

நாற்காலியைத் தொலைபேசிக்கு எதிரே இழுத்துப் போட்டேன். இழுத்த சத்தம் தெளிவாகக் கேட்டது. நல்ல கார்டுதான்.

ஆறு மணி ஆனது.

மணி அடிக்கவில்லை.

ஆறு ஒன்று. கடிகாரம் முந்தி ஓடுகிறதோ என்று வானொலியைப் போட்டேன். ஆறு இரண்டு என்றார்கள். செய்தி புதிதாக இருந்தது. அணைத்தேன். பெட்டியை விரலால் தட்டினேன். தட்டிய சத்தம் வந்தது. ரிசீவரை எடுத்துக் காதில் வைத்தேன். ங் என்று இழுத்துக்கொண்டிருந்தது. வைத்தேன்.

கணினிக்குப் போனேன். சிக்கலைக் கண்டறி என்று ஒரு பொத்தான் இருந்தது. அழுத்தினேன். வெகுநேரம் தேடியது.

'சிக்கல் எதுவும் இல்லை. சாதனம் சரியாக இயங்குகிறது. இந்தத் தகவல் உதவியாக இருந்ததா?'

இல்லை என்று அழுத்தினேன்.

'மன்னிக்கவும்,' என்றது.

ஆறு இருபது வரை உட்கார்ந்திருந்தேன். கார்டு கெட்டிருந்தபோது எனக்கு நம்பிக்கை இருந்தது. அடித்திருப்பாள், எனக்குத்தான் கேட்கவில்லை என்று நினைத்துக்கொள்ள முடிந்தது. இப்போது அதற்கு வழியில்லை. ரெஜினாவின் மேல் கோபம் வந்தது. கனகசபாபதியின் மேலும் வந்தது. கடைசியில் எல்லாக் கோபமும் சுற்றி என்னிடமே வந்து நின்றது. ஒரு பொங்கலுக்கு பஸ் ஏறிப் போய்க் கூப்பிட்டு வந்திருக்கலாம். விருத்தாசலம் என்ன வெளிநாடா?

விருத்தாசலத்து எண்ணைச் சுழற்றினேன். ஒரு மணி போனது. வழக்கமாக இங்கே கட் செய்ய வேண்டும். கை தானாக இறங்கியது. இடது கையால் அதைப் பிடித்துக்கொண்டேன். இரண்டு. மூன்று. முதல் மணிக்குப் பிறகு என்ன வரும் என்று எனக்குத் தெரியாது. அந்தப் பக்கம் நான் போனதில்லை. ஆறாவது மணியில் எடுத்தார்கள்.

"அலோ. யாருங்க?"

ஒரு பெண் குரல். கொஞ்சம் கனமான குரல். கேட்டதே இல்லை போலவும் இருந்தது. தினமும் கேட்பது போலவும் இருந்தது.

"நான்தான்."

"நான்தான்னா யாரு?"

"பெரம்பூர்லேர்ந்து."

"பெரம்பூர்ல யாரு?"

"அம்பலவாணன்."

கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்கவில்லை. உண்மையிலேயே ஒன்றும் இல்லை என்று எனக்குத் தெரியும்.

"அவர் குரல் இப்படி இருக்காதே," என்றது குரல்.

"கொஞ்சம் வயசாயிடுச்சு."

"கூப்பிடறவங்க எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க."

"நீ தில்லைதானே?"

"யாருன்னே தெரியாதவங்ககிட்ட அதை நான் எப்படிங்க சொல்றது?"

நியாயம்தான். எங்கேயோ அவள் பக்கம் ஒரு பாத்திரம் விழுந்தது.

"சாப்டியா?" என்றேன்.

"ஆறரைக்கு யாருங்க சாப்பிடுவாங்க?"

"சரி. வைக்கட்டுமா?"

"வைங்க."

வைத்தேன். உயிரோடு ஒரு பெண் அங்கே இருக்கிறாள். அவளுக்கு என்னைத் தெரியவில்லை. எனக்கும் அவளைத் தெரியவில்லை. இரண்டுக்கும் எந்த வரிசையில் வருத்தப்படுவது என்று குழம்பினேன்.

பிறகு மறுபடி எண்ணைச் சுழற்றினேன். ஒரு மணி போனது. கட் செய்தேன். எவ்வளவு நேரம் விட வேண்டும், எந்த இடத்தில் வெட்ட வேண்டும் என்று என் கைக்கு நன்றாகத் தெரியும். ஒன்பது வருடப் பழக்கம். வேறு யாராலும் அதை அப்படிச் செய்ய முடியாது.

காத்திருந்தேன். மின்விசிறி கிறீச்சிட்டது. குழாய் சொட்டியது. மூச்சில் விசில் வந்தது. எதையும் எண்ணவில்லை.

தொலைபேசி அடித்தது.

ஒன்று. கட் ஆகும் என்று நின்றேன். ஆகவில்லை. இரண்டாவதும் அடித்தது. மூன்றாவதும் அடித்தது. ஒரு மணிக்கு என்ன அர்த்தம் என்று எங்களுக்குத் தெரியும். அதற்குமேல் அடித்தால் என்ன அர்த்தம் என்று நாங்கள் பேசி வைத்துக்கொள்ளவில்லை.

அது அடித்துக்கொண்டே இருந்தது. இது எங்கேயோ எடுத்துவைத்த மணி இல்லை. இட்டு நிரப்பியதும் இல்லை. இந்த நிமிடம் விருத்தாசலத்தில் ஒருத்தி ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு நிற்கிறாள். எனக்காக நிற்கிறாள். இந்த டிரைவர் பொய் சொல்லாது.

ரிசீவரின் மேல் கையை வைத்தேன். உள்ளங்கையில் குறுகுறுவென்று இருந்தது. எடுத்தால் அவள் பேசுவாள். எடுத்தால் மணி நின்றுவிடும்.

இன்னும் ஒன்றைக் கேட்டுவிட்டு எடுக்கலாம் என்று நினைத்தேன். அது வந்தது. அதற்கடுத்து இன்னும் ஒன்று.